கராபாக் போர்கள்: ஆயுதம், கூட்டணி, கைவிடல் (கேள்வி பதில்)

2020-லும் 2023-லும் நாகோர்னோ-கராபாக் மலைப்பகுதியில் அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியருக்கும் நடந்த சண்டைகள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சார், அடிப்படையிலிருந்து தொடங்குங்கள். அது யாருடைய நிலம்?

சட்டப்படி அஜர்பைஜானுடையது. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆர்மீனியர்கள். 1923-ல் சோவியத் அரசு அதை அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியாக வைத்தது. 1988 பிப்ரவரியில் அந்தப் பகுதியின் சபை ஆர்மீனியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கிருந்து கலவரம், பிறகு முழுப் போர். 1994 மே மாதம் போர் நின்றபோது கராபாக் மட்டுமல்லாமல் அதைச் சுற்றியிருந்த ஏழு அஜர்பைஜான் மாவட்டங்களும், முழுதாகவோ பகுதியாகவோ, ஆர்மீனியர் கையில் இருந்தன. அங்கே வாழ்ந்த அஜர்பைஜானியர் லட்சக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். இதை விட்டுவிட்டு 2020-ஐப் படித்தால் அஜர்பைஜான் மக்களுக்கு இருந்த கோபம் புரியாது.

1993-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை, பிடித்த பகுதிகளிலிருந்து விலகச் சொல்லி நான்கு தீர்மானங்கள் நிறைவேற்றியது. கராபாக் ஆர்மீனியர் தாங்களாக அறிவித்த 'கராபாக் குடியரசை' ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அங்கீகரிக்கவில்லை. ஆர்மீனியாகூட முறைப்படி அங்கீகரிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பதிலுக்கு அது வேண்டும்.

2020-ல் துருக்கி ட்ரோன்தான் போரை ஜெயித்துக் கொடுத்தது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. அந்தத் துருக்கி ட்ரோன், பைரக்தார் டிபி2, ஒரு மெதுவான, சிறிய விமானம். 150 கிலோ வரை சுமக்கும், 20 மணி நேரத்துக்கு மேல் பறக்கும். அதன் எம்.ஏ.எம்.-எல் குண்டு 22 கிலோதான். நல்ல வான்பாதுகாப்பு இருக்கும் இடத்தில் இது எளிதாக வீழ்த்தப்படும். கராபாக்கில் ஏன் அதிகம் வீழ்த்தப்படவில்லை என்பதற்கு உயரக் கணக்கைப் பாருங்கள். ஆர்மீனியத் தரப்பில் அதிகம் இருந்தவை சோவியத் காலத்து வான்பாதுகாப்பு ஏவுகணைகளான ஓசா, ஸ்ட்ரெலா-10. ஓசாவின் ஏவுகணை சுமார் 5 கி.மீ. உயரம் வரை, ஸ்ட்ரெலா-10 சுமார் 3.5 கி.மீ. வரைதான் எட்டும். டிபி2 அந்த உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ நின்றுகொண்டு கேமராவில் பார்த்துக் குண்டு போட்டது. கீழே இருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கண்ணில் படவில்லை, பட்டாலும் எட்டவில்லை.

ஆனால் ட்ரோன் தனியாக வேலை செய்யவில்லை. முதலில் பழைய அன்டோனோவ்-2 விவசாய விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டார்கள். அதைச் சுட ஆர்மீனியர் ரேடாரைப் போட்டார்கள்; போட்டதும் ரேடார் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அடுத்து இஸ்ரேலின் ஹாரோப் வந்தது. இலக்கு கிடைக்கும் வரை மணிக்கணக்கில் வானில் வட்டமிட்டு, பிறகு தானே மோதி வெடிக்கும் வகை அது. வான்பாதுகாப்பு போன பிறகு டிபி2 டாங்கிகளையும் பீரங்கிகளையும் படைவீரர் ஏறும் லாரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தது. அது பார்த்துச் சொன்ன இடங்களில் அஜர்பைஜானின் பீரங்கியும் ராக்கெட்டும் விழுந்தன. பல இடங்களில் பெரிய அழிவு பீரங்கியால் வந்தது. வீடியோ வந்தது ட்ரோனால். பார்ப்பவர் மனதில் வீடியோ நின்றுவிட்டது.

இன்னொன்று, பேசப்படாதது. ஆர்மீனியர் 1994-ல் பிடித்த மலைக்கோடுகளை வெல்ல முடியாத அரண் என்று நம்பி இருபத்தாறு வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். மேலே கூரை இல்லாத பதுங்குகுழிகள், திறந்த மண்மேடுகளுக்கு நடுவே நிறுத்திய டாங்கிகள். எதிரி முன்னாலிருந்து வருவான் என்று கட்டியவை. மேலிருந்து பார்ப்பவனுக்கு வரைபடம் போலத் தெரிந்தன. 2016 ஏப்ரலில் நடந்த நான்கு நாள் சண்டையிலேயே ஹாரோப் வந்து அடித்துக் காட்டியது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் நான்கு வருடம் வீணாகப் போனது என்பதுதான் என் வருத்தம்.

எஸ்-300, சுகோய்-30 எல்லாம் இருந்ததே அண்ணா?

ஆர்மீனியரிடம் இருந்த எஸ்-300 வான்பாதுகாப்பு ஏவுகணை பழைய வகை. தூரத்தில், உயரத்தில் வரும் போர் விமானத்துக்காகச் செய்யப்பட்டது. அதைச் சுற்றிக் குறுகிய தூரக் காவல் இல்லாவிட்டால் அதுவே எளிதான இலக்கு. சில ஏவுவண்டிகள் நின்ற இடத்திலேயே அடிபட்டன. சுகோய்-30எஸ்.எம். போர் விமானங்கள் நான்கு வாங்கினார்கள், ஏவுகணை இல்லாமல். போர் தொடங்கும் வரை ஏவுகணை வாங்க முடியவில்லை என்று ஆர்மீனியப் பிரதமர் பஷினியானே 2021-ல் ஒப்புக்கொண்டார். விமானங்கள் போரில் பயன்படவில்லை.

ஷூஷா நகரத்தை ட்ரோன் பிடிக்கவில்லையாமே?

சரி. ஷூஷா செங்குத்துப் பாறை மேல் இருக்கும் நகரம். அதைப் பிடித்தவன் கீழே உள்ள கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனகெர்ட்டையும், ஆர்மீனியாவுக்குப் போகும் லாச்சின் சாலையையும் கட்டுப்படுத்துவான். நவம்பர் தொடக்கத்தில் மூடுபனி, ட்ரோனுக்குக் கண் தெரியாது. அஜர்பைஜானின் சிறப்புப் படையினர் இலகுவான ஆயுதங்களோடு காட்டுவழியாக நடந்துவந்து, பாறை ஏறி, தெருத்தெருவாகச் சண்டையிட்டார்கள். நவம்பர் 8-ல் நகரம் விழுந்தது, 10-ஆம் தேதி போர் நின்றது. 44 நாளில் அஜர்பைஜான் தரப்பில் சுமார் 2,900 வீரர்கள், ஆர்மீனியத் தரப்பில் சுமார் 3,800 பேர் இறந்தார்கள். 'பொத்தான் போர்' என்று இதை எழுதுகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

ரஷ்யாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தும் ரஷ்யா ஏன் வரவில்லை? ஒப்பந்தத்தை மீறியதா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020-ஐயும் 2022-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் 4-வது பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது. 2020-ல் சண்டை நடந்தது கராபாக்கில். ஆர்மீனியாவே அதைத் தன் நிலம் என்றோ தனி நாடு என்றோ அறிவிக்காதபோது 4-வது பிரிவு அங்கே செல்லாது. ரஷ்யாவின் விலகலுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

2022 செப்டம்பர் 13, 14 அப்படியல்ல. ஜெர்முக், வார்டெனிஸ், கோரிஸ் பக்கங்களில், அதாவது ஆர்மீனியாவின் சொந்த மண்ணில் அஜர்பைஜான் தாக்கியது. ஆர்மீனியா 4-வது பிரிவின் கீழ் முறைப்படி உதவி கேட்டது. வந்தது ஓர் ஆய்வுக் குழு. எல்லை இன்னும் கோடு போட்டுக் குறிக்கப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு ஜனவரியில் கஜகஸ்தான் அதிபர் கேட்ட மறுநாளே இதே அமைப்பு சுமார் 2,500 பேரை அனுப்பியிருந்தது. வித்தியாசம் என்ன? கஜகஸ்தானில் எதிரில் நின்றது தெருக்கூட்டம். இங்கே எதிரில் நின்றது ஒரு நாடு, அதன் பின்னால் துருக்கி. 2022 பிப்ரவரி 22-ல், உக்ரைனுக்குள் நுழைய இரண்டு நாள் இருக்கும்போது, ரஷ்யா அஜர்பைஜானோடும் கூட்டாளி அறிவிப்பு ஒன்றில் கையெழுத்திட்டிருந்தது. செப்டம்பரில் அதன் படை உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. விருப்பமும் இல்லை, கையில் ஆளும் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: 2020-ல் மீறவில்லை, 2022-ல் மீறியது. பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: எந்த நிலத்துக்குச் செல்லும், யார் முடிவெடுப்பார், உதவி என்றால் படையா அறிக்கையா. ஆர்மீனியாவின் ஒப்பந்தம் இந்த மூன்றிலும் ஓட்டை. 2022 நவம்பரில் ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் நடந்த இந்த அமைப்பின் உச்சிமாநாட்டில் பஷினியான் கூட்டறிக்கையில் கையெழுத்திட மறுத்தார். 2024 பிப்ரவரியில் பங்கேற்பையே நிறுத்தி வைத்ததாக அறிவித்தார். ஆனாலும் ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் ரஷ்யாவின் 102-வது ராணுவத் தளம் 2044 வரைக்குமான ஒப்பந்தத்தோடு நிற்கிறது. எரிவாயுவும் ரஷ்யாவிலிருந்து வருகிறது. கோபத்தில் ஒரே நாளில் வெளியேறிவிட முடியாது.

ஷியா நாடான ஈரான் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு, யூத நாடு ஷியா அஜர்பைஜானோடு. தலை சுற்றுகிறது.

மதத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெய்க் குழாயையும் எல்லையையும் பாருங்கள், தெளிந்துவிடும். அஜர்பைஜான் தலைநகர் பாக்குவிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வரை 1,768 கி.மீ. குழாய் போகிறது. குறுக்கு வழி ஆர்மீனியா. பகையால் அதைச் சுற்றிக்கொண்டு போட்டார்கள். அந்தத் துறைமுகத்திலிருந்து இஸ்ரேலுக்கு எண்ணெய் போகிறது, இஸ்ரேலிலிருந்து அஜர்பைஜானுக்கு ஆயுதம் வருகிறது. 2016 முதல் 2020 வரை அஜர்பைஜான் இறக்குமதி செய்த பெரிய ஆயுதங்களில் 69 சதவீதம் இஸ்ரேலுடையவை என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஈரானுக்கு எல்லையை ஒட்டி இஸ்ரேலின் கண்ணும் காதும் இருக்கின்றனவோ என்ற அச்சம். தன் வடமேற்கில் வாழும் அஜர்பைஜானிய மொழி பேசும் பெரும் மக்கள் தொகை பற்றிய கவலை வேறு.

லாச்சின் முற்றுகை எப்படி நடந்தது? அமைதிப்படை அங்கேயே இருந்ததே.

2020 உடன்படிக்கைப்படி ரஷ்ய அமைதிப்படை 1,960 பேர், 90 கவச வண்டிகள், ஐந்தாண்டு. கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்தது 5 கி.மீ. அகல லாச்சின் பாதை ஒன்றுதான். 2022 டிசம்பர் 12-ல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்ற பெயரில் அஜர்பைஜானியர் சாலையில் உட்கார்ந்தார்கள். அமைதிப்படை அவர்களை அகற்றவில்லை. அஜர்பைஜான் கட்டுப்பாட்டு நிலம் வழியாக வந்த எரிவாயு விட்டுவிட்டு நின்றது. ஆர்மீனியாவிலிருந்து வந்த மின்கம்பி ஜனவரியில் பழுதாகிச் சரிசெய்யப்படவில்லை. சார்சாங் நீர்த்தேக்கத்தை மட்டும் நம்பி மின்சாரம் எடுத்ததில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. சாலையைத் திறக்கச் சொல்லி பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது, மதிக்கப்படவில்லை. ஏப்ரல் 23-ல் அந்தப் பாதையில் உள்ள ஹக்காரி பாலத்தில் அஜர்பைஜான் சோதனைச்சாவடி வைத்தது. ஜூன் நடுவிலிருந்து உணவும் மருந்தும் ஏறக்குறைய முழுவதும் நின்றன.

ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு அறிக்கைக்கு மேல் போகவில்லை. அதனால்தான் அடுத்த படி வந்தது. 2023 செப்டம்பர் 19-ல் அஜர்பைஜானின் தாக்குதல், 24 மணி நேரத்தில் கராபாக் ஆர்மீனியரின் சரணடைவு. அமைதிப்படையின் துணைத் தளபதி உட்பட ரஷ்யர்களே அதில் கொல்லப்பட்டார்கள். அஜர்பைஜான் மன்னிப்புக் கேட்டது, விஷயம் முடிந்தது. ஒரு வாரத்துக்குள் 1,00,000 பேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய எல்லோரும், அதே சாலையில் வெளியேறினார்கள். பட்டினி போட்டு, பிறகு அடித்து, பிறகு கதவைத் திறந்துவிட்டு 'அவர்களாகப் போனார்கள்' என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

இந்தியா ஏன் ஆர்மீனியாவுக்கு பினாகா விற்கிறது? அது போதுமா?

பாகிஸ்தான், துருக்கி, அஜர்பைஜான் மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பவை. ஆர்மீனியாவை ஒரு நாடாகவே பாகிஸ்தான் நீண்ட காலம் அங்கீகரிக்கவில்லை. தூதரக உறவு தொடங்கியது 2025 ஆகஸ்ட் 31-ல்தான். மறுபக்கம், பணம் கொடுத்த ரஷ்ய ஆயுதங்கள் வரவில்லை என்று ஆர்மீனிய அரசே வெளிப்படையாகச் சொன்னது. அந்த இடத்தில் இந்தியாவும் பிரான்ஸும் நுழைந்தன.

பினாகா இந்தியாவின் ராக்கெட் ஏவி. அதன் ஒரு வண்டி 12 ராக்கெட்டுகளை 44 விநாடியில் விடும். முதல் வகை 37 கி.மீ.க்குச் சற்று மேலே போகும். எதிரியின் பீரங்கி சுடும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்வாதி ரேடாரும் போனது. பினாகாவைவிட அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுவேன். பிரான்ஸிடமிருந்து கிரவுண்ட் மாஸ்டர் 200 ரேடார்கள் மூன்று, சீசர் பீரங்கிகள் 36.

சிக்கல் குண்டுகளில். ஆர்மீனியாவின் பழைய பீரங்கி 152 மி.மீ., புதியது 155. கிராட் ராக்கெட் 122, பினாகா 214. இரண்டு வகை கிடங்கு, இரண்டு வகைப் பயிற்சி, இரண்டு வகை உதிரிபாகம். ஆர்மீனியாவுக்குக் கடலும் இல்லை. நான்கு எல்லையில் இரண்டு மூடியவை, சரக்கு ஜார்ஜியா அல்லது ஈரான் வழியாகத்தான் வர வேண்டும். போர் நாளில் குண்டு தீர்ந்தால் அந்த இரண்டு நாடுகளின் மனநிலைதான் தீர்மானிக்கும்.

ட்ரோன் வீடியோவை எண்ணி இழப்பைக் கணக்கிடலாமா?

கீழ்வரம்பு மட்டும் கிடைக்கும். ஒரே அடியை இரண்டு கோணத்தில் வெளியிடுவார்கள். மரப் பொம்மை டாங்கியும் அடிபடும். தவறிய குண்டின் வீடியோ வெளிவராது. சாலை வளைவு, மரவரிசை, நிழல் மூன்றையும் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தை உறுதிசெய்த பிறகே எண்ணுங்கள்.

சங்கெசூர் பாதை, ட்ரம்ப் பாதை இரண்டும் ஒன்றா?

இடம் ஒன்று, நிபந்தனை வேறு. அஜர்பைஜானையும், அதிலிருந்து துண்டாகக் கிடக்கும் அதன் நக்சிவான் பகுதியையும் இணைக்க ஆர்மீனியாவின் தெற்கில் சுமார் 43 கி.மீ. கடக்க வேண்டும். 2020 உடன்படிக்கை அதை ரஷ்ய எல்லைக்காவலர் மேற்பார்வையில் வைத்தது. இதுதான் அஜர்பைஜான் சொல்லும் சங்கெசூர் பாதை. 2025 ஆகஸ்ட் 8-ல் வாஷிங்டனில் கையெழுத்தான அறிவிப்பு ரஷ்யாவின் இடத்தில் அமெரிக்காவை வைத்தது; அதுதான் ட்ரம்ப் பாதை. பாதை ஆர்மீனிய இறையாண்மைக்குக் கீழ் என்று சொல்கிறது. ஈரானின் கவலை எளிது: ஆர்மீனியாவோடு அதற்குள்ள எல்லையே அந்தக் கீற்றுதான்.

சமாதான ஒப்பந்தத்துக்கு அன்று முன்னொப்பம் மட்டுமே இட்டார்கள். அஜர்பைஜான் ஆர்மீனிய அரசியல் சட்டத்தை மாற்றச் சொல்கிறது. அதன் முகவுரை 1990 சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டுகிறது. அந்தப் பிரகடனம் கராபாக்கோடு இணைவது என்ற 1989 முடிவைச் சுட்டுகிறது. மாற்றப் பொதுவாக்கெடுப்பு வேண்டும். நிலம் இழந்த மக்களிடம் போய் முகவுரையையும் விட்டுக்கொடுங்கள் என்று எந்த அரசு கேட்டாலும் கடினம்.

போனவர்கள் திரும்ப முடியுமா ஐயா?

திரும்ப விரும்புவோருக்குப் பாதுகாப்பான வழி செய்ய வேண்டும் என்று 2023 நவம்பர் 17-ல் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறையில் யாருடைய காவலில், எந்த வீட்டுக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

1990-களில் துரத்தப்பட்ட அஜர்பைஜானியர் திரும்புவதும் மெதுவாகத்தான் நடக்கிறது, காரணம் கண்ணிவெடி. முப்பதாண்டில் இரு தரப்பும் புதைத்தவை மழையில் நகர்ந்திருக்கின்றன, வரைபடங்கள் முழுமையில்லை. 2021 ஜூனில் அக்தாம் மாவட்டத்தின் 97,000 கண்ணிவெடிகளுக்கான வரைபடத்தை ஆர்மீனியா கொடுத்தது. பதிலுக்கு அஜர்பைஜான் 15 ஆர்மீனியக் கைதிகளை விடுவித்தது.