ரீசெட் பட்டனைத் தொடுவதற்கு முன்: ரவுட்டர் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வைஃபை இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: ரவுட்டரின் பின்பக்கம் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பட்டனை யாரும் அழுத்த வேண்டாம். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு.

திண்டுக்கல்: அண்ணா, போனில் வைஃபை முழுக் கோடும் காட்டுகிறது. ஆனால் ‘இணையம் இல்லை’ என்று வருகிறது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வைஃபை கோடு உங்கள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் சொல்லும். பெட்டிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது பெட்டியின் விளக்குகள். பவர், பான் (PON), எல்ஓஎஸ் (LOS), இன்டர்நெட் என்ற நாலையும் பாருங்கள்.

எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்கினால் ஃபைபர் வழியே வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது. அந்த நிலையில் செட்டிங்கில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரை மட்டும் பாருங்கள். கட்டில் கால் அதன் மேல் ஏறியிருக்கிறதா, கதவு இடுக்கில் நசுங்குகிறதா, மிச்ச ஒயரை யாராவது விரலளவு வட்டமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்களா? அவ்வளவு சின்னதாக வளைத்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளை அடித்த வீடுகளில் இதே புகார்தான் வரிசையாக வரும். ஒயரைத் தளர்த்திவிட்டு, பச்சைத் தலை கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அப்புறமும் சிவப்பு என்றால் புகார்தான். புகாரில் ‘நெட் வரலை’ என்று சொல்லாதீர்கள், ‘எல்ஓஎஸ் சிவப்பு’ என்று சொல்லுங்கள். முதலாவதைச் சொன்னால் போனிலேயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் லைன்மேனை அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ‘வெளிச்சம் வருதா’ என்று பார்க்காதீர்கள். உள்ளே வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நுனியை விரலால் துடைக்கவும் வேண்டாம், விரலின் எண்ணெய் பட்டாலே சிக்னல் குறையும்.

தஞ்சாவூர்: சார், நெட் வரவில்லை என்று ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்திவிட்டேன். இப்போது பான் விளக்கு பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் விளக்கே எரியவில்லை. வைஃபை பெயரும் மாறிவிட்டது.

இதற்காகத்தான் மேலேயே சொன்னேன். பான் பச்சையாக நிலைத்து நிற்கிறது என்றால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. பெட்டி நிறுவனத்தின் கருவியோடு பேசிவிட்டது. அடுத்த படி லாகின். பல நிறுவனங்கள் பிபிபிஓஇ (PPPoE) என்ற முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுக்கின்றன. அது பெட்டிக்குள்தான் பதிந்திருந்தது. கூடவே வீலேன் (VLAN) எண் என்று ஒன்றும் இருக்கும், அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ரீசெட் அழுத்தியதும் இரண்டும் போய்விட்டன. சில நிறுவனங்கள் தூரத்திலிருந்தே தானாகத் திரும்ப எழுதிவிடும். அரை மணி நேரம் பார்த்தும் வரவில்லை என்றால் உங்கள் நிறுவனம் அப்படிச் செய்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் எண்ணோடு கூப்பிட்டு பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு, வீலேன் எண் மூன்றையும் கேளுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் அதைத் திறந்து, வெளி இணைப்புக்கான ‘வேன்’ (WAN) பக்கத்தில் மூன்றையும் எழுதுங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. இன்டர்நெட் விளக்கு எரிந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நெட் நன்றாக ஓடும் இன்றைக்கே அந்த போட்டோவை எடுத்துவிடுங்கள்.

சேலம்: எல்லா விளக்கும் பச்சை. வாட்ஸ்அப் போகிறது, வேறு எந்தத் தளமும் திறக்கவில்லை.

டிஎன்எஸ் சிக்கலாக இருக்கலாம். கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பிங்’ (ping) கட்டளையோடு 8.8.8.8 என்று அடியுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைப் போட்டால் வரவில்லை என்றால், லைன் சரி, பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர்தான் தூங்குகிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் பொது சர்வர்களான 8.8.8.8, 1.1.1.1 என்று போடுங்கள். ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்னார்கள் என்று ‘பிரைவேட் டிஎன்எஸ்’ போட்டிருப்பீர்கள். அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

விருதுநகர்: சிவப்பு விளக்கு மினுக்குகிறது அண்ணா, என்ன செய்ய?

திண்டுக்கல் பதிலைப் படியுங்கள் தம்பி.

கோயம்புத்தூர்: மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, நிறுவனம் கொடுத்த பெட்டியோடு லேன் கேபிளில் இணைத்தேன். புது வைஃபையில் நெட் இல்லை. சில நேரம் பழையதும் நின்றுவிடுகிறது.

பழையதும் நிற்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் வீட்டில் உள்ள கருவிகளுக்கு ஐபி எண் கொடுக்கின்றன. எதை நம்புவது என்று உங்கள் போனுக்குத் தெரியவில்லை.

புது ரவுட்டருக்கு மாடியில் வைஃபையைப் பரப்புவது மட்டும்தானே வேலை? அதன் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ இருந்தால் அதைப் போடுங்கள், முடிந்தது. இல்லை என்றால் கையால் செய்ய வேண்டும். முதலில் புது ரவுட்டரைத் தனியாகக் கணினியோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபியை (DHCP) நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் குத்துங்கள். வேறு நிறத்தில் இருக்கும் ‘வேன்’ துளையில் அல்ல.

இதற்கும் ரீசெட் தேவையில்லை.

ஸ்ரீரங்கம்: தம்பி, எனக்கு வயசு எழுபதுக்கு மேல். மழைக்காலத்தில் இடி இடித்தால் எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவேன். இப்போது வந்திருப்பது ஃபைபர், இடி ஒன்றும் செய்யாது என்கிறான் பேரன். நிஜமா?

ஐயா, பிடுங்குவதை விடாதீர்கள். பவர் அடாப்டரை பிளக்கிலிருந்து எடுத்தால் போதும், ஃபைபரைக் கழற்ற வேண்டாம். அதைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் நுனியில் தூசி ஏறும்.

நாகர்கோவில்: மேலே சொன்னது தவறு. ஃபைபர் கண்ணாடி. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. அடிப்படை இயற்பியல். பெரியவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

கண்ணாடியில் பாயாது, ஒப்புக்கொள்கிறேன். பெட்டி கண்ணாடியில் மட்டுமா தொங்குகிறது? இ.பி. லைனிலிருந்து அடாப்டர் வழியாக இரண்டு செம்புக் கம்பி உள்ளே வருகிறது. தெருவில் எங்கோ இடி விழுந்தாலும் அந்த வழியாக அதிக மின்னழுத்தம் வீட்டுக்குள் நுழையும்.

தூத்துக்குடி: நாகர்கோவில் நண்பருக்கு: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளில் ஒரு எஃகுக் கம்பியும் கூடவே வருகிறதே, அதைப் பார்த்ததில்லையா?

நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேபிளின் எடையைத் தாங்கத்தான் அந்தக் கம்பி. கம்பத்தில் ஒரு முனை, வீட்டுச் சுவரில் கொக்கியில் ஒரு முனை. கொக்கியோடு அதை வெட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடி உள்ள கேபிளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் கம்பியோடு சேர்த்தே ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துவிடுகிறார்கள் சிலர். உங்கள் வீட்டுச் சுவரை வெளியே போய்ப் பாருங்கள். கம்பி உள்ளே வருகிறது என்றால் லைன்மேனைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஏணி போட வேண்டாம், பக்கத்திலேயே இ.பி. லைன் போகும்.

நாகர்கோவில்: சரி, கம்பியை வெட்டியாயிற்று, ஸ்பைக் கார்டும் போட்டாயிற்று. அப்போதுமா பிடுங்க வேண்டும்?

ஸ்பைக் கார்டு அதிகப்படி மின்னழுத்தத்தை எர்த்தில் இறக்கும். வீட்டு எர்த் சரியாக இருந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கும், பின்னால் ஒயரே கிடையாது.

மின்னல் உள்ளே வர இன்னொரு வழியும் இருக்கிறது, அதைத்தான் யாரும் நினைப்பதில்லை. மொட்டை மாடியில் கேமரா வைத்து, செம்பு லேன் கேபிளைக் கொண்டுவந்து பெட்டியில் குத்தியிருப்பார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். பான் பச்சை, இன்டர்நெட் பச்சை, வைஃபையில் நெட் ஓடுகிறது. கேமரா கேபிள் குத்தியிருந்த நாலாவது துளையின் உள்ளே உலோகப் பற்கள் கறுத்து, பிளாஸ்டிக் ஓரம் பழுப்பாக உருகியிருந்தது. ஃபைபர் வழியாக எதுவும் வரவில்லை, மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. எனவே இடி மின்னல் நேரத்தில் இரண்டைப் பிடுங்குங்கள்: அடாப்டர், வெளியிலிருந்து வரும் எந்தச் செம்பு கேபிளும். பெரியவர் செய்வது சரி.

ஈரோடு: எல்ஓஎஸ் சிவப்பாக உள்ளது. ரீசெட் செய்தால் சரியாகுமா?

ஆகாது. ஒளியே வராதபோது ரீசெட் என்ன செய்யும்? லாகின் விவரமும் அழிந்து இரண்டு சிக்கலாகிவிடும். சிவப்பு விளக்குக்குத் திண்டுக்கல், ரீசெட்டுக்குத் தஞ்சாவூர். இந்த இரண்டையும் மறுபடி கேட்டால் இனி பதில் எழுத மாட்டேன்.

கரூர்: பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது. சாயங்காலம் எல்லோரும் பார்க்கும்போது அதிகம்.

அடாப்டர் வலுவிழந்துவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். ஆனால் பெட்டி முழு வேலை செய்யும்போது அந்த மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் இறங்கிவிடும். சாயங்காலம் அதிகமாவது அதனால்தான். பெட்டியின் லேபிளில் உள்ள அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ளதாக வாங்குங்கள். பின் பொருந்துகிறது என்று வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைக் குத்தாதீர்கள், வோல்ட் வேறாக இருக்கும். புதுசு போட்டும் அணைவது நிற்கவில்லை என்றால் பெட்டியே போயிருக்கலாம்.

யாழ்ப்பாணம்: சிம் போடும் 4ஜி ரவுட்டர். சிக்னல் உண்டு, இணையம் வரவில்லை.

என் வேலை ஃபைபர்தான். டேட்டா மீதி இருக்கிறதா, ஏபிஎன் (செட்டிங்கில் சிம் நிறுவனத்தின் இணையத்துக்கான பெயர்) சரியா என்று பாருங்கள். மேற்கொண்டு சிம் நிறுவனத்திடம் கேளுங்கள்.

வேலூர்: எல்லா போனிலும் நெட் வருகிறது. லேப்டாப்பில் மட்டும் எந்தத் தளம் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது.

லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கிப் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, தேதி தப்பானால் அது செல்லாது.

திருவள்ளூர்: அண்ணா, மூன்று நாளாக எல்ஓஎஸ் சிவப்பு. ஒயர் எல்லாம் பார்த்துவிட்டேன், ரீசெட் தொடவில்லை. புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை.

இதற்குப் பதில் எழுதுகிறேன், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். புகார் கொடுத்தபோது டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வந்ததா? வரவில்லை என்றால் மறுபடி கூப்பிட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார் புகாரே இல்லை. அதை வைத்துக்கொண்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறைப்படி இந்த இரண்டு படிகளையும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். முகவரி அவர்கள் தளத்தில் இருக்கும்.

லைன்மேன் வந்து சரிசெய்ததும் விளக்கு அணைந்தது என்று உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒளியை அளக்கும் பவர் மீட்டரை ஃபைபர் நுனியில் மாட்டி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். டிபிஎம் (dBm) என்ற அளவில், மைனஸில்தான் வரும். -20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. -27 தான் பெரும்பாலும் பெட்டி தாங்கும் எல்லை. -26 என்று காட்டினால் நெட் இன்றைக்கு ஓடும், அடுத்த மழையில் நின்றுவிடும். அப்போதே ஃபைபரை இணைத்திருக்கும் ஜாயின்ட்டைத் திறந்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.