செக்கு எண்ணெய்க்கு மாறியும் எடை குறையவில்லையே, டாக்டர்?

கேள்வி: வயது 48, உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மதுரை அனுப்பானடியில் குடியிருந்து, ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாக்கெட் எண்ணெயை விட்டுவிட்டுச் செக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாறியும் எடை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் நான்கு பெரியவர்களுக்கு மாதம் 6 லிட்டர் செலவாகிறது. எண்ணெயை அடியோடு நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த 6 லிட்டரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 தான். செக்கு எண்ணெய் மணக்கும். எடை விஷயத்தில் அதற்குச் சலுகை எதுவும் கிடையாது. 'நல்ல எண்ணெய்தானே' என்று கை தாராளமாகச் சாய்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு மாதம் ஒன்றரை லிட்டர், அதாவது நாளுக்கு 50 மி.லி. எண்ணெயில் மட்டும் 400 கலோரிக்கு மேல் போகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்வது சுமார் 27 கிராம், ஏறக்குறைய 30 மி.லி. நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் தாராளம். வெளியே சாப்பிடுகிற வடையும் பரோட்டாவும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். சால்னாவின் மேல் மிதப்பதை யார் அளந்து பார்க்கிறார்கள்?

இன்னொன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: வயலை விட்டு நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளுக்கு 2,110 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2,710, கடும் உழைப்புக்கு 3,470. வேலை மாறியது, வயிறு பழைய அளவையே கேட்கிறது. ஆகவே தட்டில் சோறும் குறைய வேண்டும், எண்ணெய் மட்டுமல்ல.

சரி, ஏன் அடியோடு நிறுத்தக் கூடாது? லினோலிக் போன்ற சில கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைக் குடல் உறிஞ்சுவதற்கும் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்குவது ருசிக்காக மட்டுமல்ல.

எந்த எண்ணெய் என்றால், உங்கள் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நல்ல தேர்வுதான், மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பதால் அவை இரண்டும் அன்றாடச் சமையலுக்கு வேண்டாம். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே கணக்கில் சேர்க்கிற அளவுக்கு அது இருப்பதில்லை. பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை மட்டும் கண்டிப்பாக விடுங்கள்.

மாத ஆரம்பத்திலேயே மூன்றரை லிட்டரை அளந்து தனியாக வைத்துவிடச் சொல்லுங்கள். தோசைக்கல்லில் பாட்டிலைக் கவிழ்க்காமல் சிறு கரண்டியால் விடலாம். தேங்காய்ச் சட்னி, கடலைச் சட்னியிலும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, அளவாக ஊற்றிக்கொள்ளுங்கள். தெப்பக்குளம் பக்கத்திலேயே இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் வேகமாகச் சுற்றுங்கள். (முடித்ததும் வடையும் டீயுமாக உட்காருகிறவர்களோடு சேர வேண்டாம்!)

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு) 28.7. நம்மவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன்தான். அதனால் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, தைராய்டு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, நடையை நிறுத்திவிட்டு அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.