ஐஸ் விற்றும் கையில் காசு நிற்கவில்லை, ஏன்?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு சிறு ஊர். கணவருக்கு மில் வேலை. பிப்ரவரி கடைசியில் 12 மாதத் தவணையில் ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கி, வீட்டிலேயே ஐஸ் போட்டு விற்கிறேன். தவணை மாதம் 2,300 ரூபாய். தினமும் 20 கிலோ போகிறது, கிலோ 10 ரூபாய். பாதியைக் கம்மங்கூழ் வண்டிக்காரரும் சர்பத் கடைக்காரரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மீதி 10 கிலோ என் கொழுந்தனாரின் ஜூஸ் கடைக்குப் போகிறது. அவர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்வார். தவணைக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம் பற்றாமல் 10,000 ரூபாய் தண்டல் எடுத்தேன். பிடித்தம் போகக் கையில் வந்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதை முடிக்க இப்போது இன்னொரு தண்டல் எடுத்திருக்கிறேன். சீசன் நன்றாக இருக்கிறது, இரண்டாவது ஃப்ரீசர் வாங்கலாமா? செல்போனில் டிஜிட்டல் தங்கம் மாதம் 500 ரூபாய்க்கு வாங்கலாம் என்கிறார்களே, சேரலாமா?

பதில்: சகோதரி, உங்கள் ஐஸ் வியாபாரத்தில் பெரிய கோளாறு இல்லை. மாதம் 26 நாள் என்று வைத்தால் 5,200 ரூபாய்க்கு விற்கிறீர்கள். சிறிய ஃப்ரீசரில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் ஐந்து கிலோ ஐஸ் பிடிக்கலாம். விற்காத நாளும் ஃப்ரீசர் ஓடும் என்பதால் 60 நாளுக்கும் கணக்குப் போட்டால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் கூடுதல். முன்பு 350 யூனிட் ஓடிய வீடு என்றால் 940 ரூபாய் வந்த பில் இப்போது 2,800 வரை வந்திருக்கும். மாதக் கணக்கில் கூடுதல் 930. ஆர்.ஓ. தண்ணீர், கவர் என்று இன்னொரு 450. தவணையும் போனால் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் மிஞ்ச வேண்டும். அடுத்த ஆண்டு தவணை முடிந்ததும் 3,800.

மிஞ்சவில்லையே, ஏன்? உங்கள் கைக்கு வருவது 5,200 அல்ல, 2,600தான். செலவோ 3,700. மாதாமாதம் 1,100 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்கத்தான் தண்டல்.

கொழுந்தனார் பாக்கி மூன்று மாதத்தில் 7,800 ரூபாய். நீங்கள் தண்டலில் வாங்கியது 8,500. ஏறக்குறைய ஒரே தொகை. தண்டல்காரர் வாசலில் வந்து நின்று நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போவது தினம் 100 ரூபாய். கொழுந்தனார் எடுத்துப்போகும் ஐஸும் தினம் 100 ரூபாய். சுருக்கமாகச் சொன்னால், அவருடைய கடைக்கு நீங்கள் தண்டல் கட்டுகிறீர்கள்.

அந்த வட்டி எவ்வளவு என்று பாருங்கள். முதல் நாள் உங்களிடம் 8,500 இருந்தது, நூறாவது நாள் ஒன்றுமில்லை. சராசரியாக 4,250 ரூபாயைத்தான் 100 நாள் வைத்திருந்தீர்கள். அதற்கு 1,500 கொடுத்தால் நூறு நாளைக்கு 35 சதவீதம். ஆண்டுக்கு 125ஐத் தாண்டும்.

"சொந்தத்துக்குள் கணக்குப் பார்ப்பதா" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், தெரியும். ஒரு டம்ளர் ஜூஸுக்கு 100 கிராம் ஐஸ் என்று வையுங்கள். அவர் எடுக்கும் 10 கிலோவில் 100 டம்ளர் போகும். டம்ளர் 30 ரூபாய் என்றாலும் 3,000 ரூபாய் வியாபாரம், அதுவும் கைமேல் காசு. பழக்கடைக்காரரிடம் அவர் கணக்கு எழுதச் சொல்லியிருப்பாரா? சண்டை வேண்டாம். ஐஸ் எடுக்கும்போதே காசு என்றால் கிலோ 9 ரூபாய், அதோடு பழைய பாக்கிக்குத் தினம் 50 ரூபாய் என்று நீங்களே சொல்லுங்கள், கணவரைத் தூது அனுப்ப வேண்டாம். ஆறு மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் நாளையிலிருந்து 10 கிலோ மட்டும் போடுங்கள். கரண்டாவது மிஞ்சும்.

தண்டலை இந்த வாரமே முடித்துவிடுங்கள். வீட்டில் ஒரு ஜோடி கம்மல் இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து அந்தப் பணத்தைக் கட்டலாம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். மகளிர் குழுவில் இருந்தால் அங்கே உள்கடன் கேளுங்கள். எது கிடைத்தாலும் மூன்றாவது தண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது ஃப்ரீசர்? இப்போது வேண்டாம். இன்னொரு 20 கிலோவை யார் வாங்குவார்கள்? மொத்தமாக எடுப்பவர் ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கிக்கொள்வார், அந்த விலைக்கு உங்களால் கொடுக்க முடியாது. கரண்டும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிய பிறகு யூனிட் 8.40, அதற்கும் மேலே 9.45 என்று போகிறது. வீட்டு இணைப்பில் வியாபாரம் பெரிதானால் மின்வாரியம் கேள்வி கேட்கும். வணிக இணைப்பு என்றால் யூனிட் 10 ரூபாயைத் தொடும். இன்னொன்று, குடிக்கும் பொருளில் போடுகிற ஐஸ் உணவுப் பொருள்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிக்கான பதிவுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், அதை முதலில் செய்யுங்கள். மீன்காரர் கேட்கிறார் என்று அவருடைய பெட்டியை உங்கள் ஃப்ரீசருக்குள் வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் டிஜிட்டல் தங்கம். 125 சதவீத வட்டிக்குக் கடன் ஓடும் வீட்டில் மாதம் 500 ரூபாய்க்குத் தங்கம் எதற்கு? டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் வராத பொருள் என்று 2025 நவம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. செயலியில் பளபளவென்று படம் காட்டினால் போதுமா?

அந்த 500 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் கூழ் வண்டியும் வராது, ஜூஸ் கடையிலும் கூட்டம் இருக்காது. தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். கொழுந்தனார் கொடுக்கும் பாக்கிப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். தீபாவளிக்குள் 6,000 சேர்ந்தால் இரண்டரை மாதத் தவணை கையில் இருக்கும். ஃப்ரீசரைப் பற்றி மாசி மாதம் எழுதுங்கள், பார்க்கலாம்.