ரின்ஸ்லெஸ் வாஷ்: கோடு போடுவது துணிதான்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஹோஸ் பிடித்து காரைக் கழுவ சங்கம் தடை போட்டுவிட்டது. வாளித் தண்ணீரில் கலந்து, அலசாமல் துடைக்கும் ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் வாங்கினேன். அலசாமல் துடைத்தால் பெயின்ட்டில் கோடு விழாதா?

பதில்: ஒரே துணியால் துடைத்தால் கட்டாயம் விழும். ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி இருந்தால் பயப்பட வேண்டாம்.

முதலில் அளவு. ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்றவற்றுக்கு ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர், அதாவது 10 லிட்டருக்கு 40 மில்லி. வேறு பிராண்ட் என்றால் லேபிளைப் பாருங்கள். மருந்துக் கடை சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். நுரை அவ்வளவாக வராது. வரவில்லையே என்று கூடுதலாக ஊற்றினால் காய்ந்ததும் திட்டுத்திட்டாக நிற்கும், கறுப்பு வண்டியில் அசிங்கமாகத் தெரியும்.

அதே கலவையை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, ஒரு கதவு நனைய அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். அதிலுள்ள பாலிமர் தூசியைச் சுற்றிக்கொண்டு வழுக்கவைக்கும். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். வாளியிலுள்ள கலவையில் நனைத்து லேசாகப் பிழிந்து, அழுத்தாமல், நேர்கோட்டில் ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகவே கூடாது. துடைத்த பகுதியை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கூரையில் தொடங்கி, கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி. பானெட் கைக்குச் சூடாக இருந்தால் தொடாதீர்கள்.

ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் சேர்த்துவைத்துக் கழுவுவது நம்மூர் வழக்கம். உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வெள்ளைப் புள்ளி விழும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதைப் பிடித்து வையுங்கள்.

ஒரு நேரத்தில் மட்டும் இந்த முறை உதவாது. மழையில் ஓட்டி, கதவடியில் சேறு காய்ந்திருக்கிறதா? விரலால் தொட்டால் நறநற என்கிறதா? எந்த பாலிமரும் அந்த மணலைத் தூக்காது. செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கை பம்பில் தண்ணீர் நிரப்பி, மேலிருந்து கீழாக அடித்துச் சேற்றை இறக்கிவிட்டு, அப்புறம் துணியை எடுங்கள். சக்கர வளைவுக்குள் அப்பியிருந்தால் வாட்டர் வாஷ் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் "தண்ணி மட்டும் அடிங்க, துடைக்க வேணாம்" என்று கூடவே நின்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் முந்தைய வண்டியின் மணல் உங்கள் வண்டியில்.

கடைக்காரரிடமும் கவனம் தேவை. லேபிள் இல்லாத கேனில் லூசாக விற்பதை வாங்காதீர்கள். ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று தெரியாது. வாட்டர்லெஸ் வாஷைக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். அது வாளியில் கலப்பதல்ல, லேசான தூசிக்கு அப்படியே அடித்துத் துடைப்பது. டார்ச் அடித்துக் கோடுகளைக் காட்டி, கோட்டிங் போட்டால் இனி கோடே விழாது என்பவரையும் நம்பாதீர்கள். அழுக்குத் துணி கோட்டிங்கையும் கீறும்.

ஹோஸுக்குத் தடை போடும் சங்கங்கள், ஒரே வாளி, ஒரே பழந்துணியோடு பார்க்கிங் முழுக்கத் துடைக்கும் ஏற்பாட்டை மட்டும் கண்டுகொள்வதில்லை. மாதச் சந்தா கட்டியிருந்தால் உங்கள் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துணிகளைப் பருத்தித் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கண்டிஷனர் போட்டால் இழை மூடிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. தரையில் விழுந்த துணி இனி சக்கரத்துக்குத்தான்.