அல்மேரில் வீடு வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நெதர்லாந்தில், ஆம்ஸ்டல்வீனில் வாடகைக்கு இருக்கிறீர்கள், மாதம் 2,100 யூரோ போகிறது, பாப்பாவுக்கு வருகிற மார்ச்சில் 4 வயது. ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள அல்மேர் ஊரின் பௌட்டன் பகுதியில் ஒரு வரிசை வீடு உங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது, கேட்கும் விலை 4,35,000 யூரோ. ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள், "அங்கே எல்லா நாட்டு ஆட்களும் கலந்து இருப்பார்கள், பாதித் தெரு சலுகை வாடகை வீடு, போகாதீர்கள்" என்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அதே அல்மேர் பௌட்டனில் 2015இலிருந்து இருக்கிறேன். வாங்கலாம். உங்கள் நண்பர்கள் பயப்பட வேண்டிய இடத்தைச் சொல்லாமல், பயப்படத் தேவையில்லாத இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் நம்மவர்கள் ஏமாந்தது பத்திரத்திலும் பணக் கணக்கிலும்தான். பக்கத்து வீட்டுக்காரர்களால் ஏமாந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

அல்மேர் நிற்கிற மண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அது ஏரியின் அடித்தரை. 1968இல்தான் தண்ணீரை இறைத்துக் காயவைத்தார்கள். 1976இல் முதல் குடும்பங்கள் வந்தன. ஆகவே அங்கே "நாங்கள் பூர்வகுடி" என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் இடமில்லை. ஆம்ஸ்டர்டாமில் இடம் போதாமல் வந்த டச்சுக்காரர்கள், சூரினாம் 1975இல் விடுதலை பெற்ற காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், மொரோக்கோ, துருக்கி, போலந்துக் குடும்பங்கள், இப்போது நாம். ஒரே தெருவில் ஒரு பக்கம் சொந்த வீடு, எதிர்ப்பக்கம் வாடகை வீடு என்பது தற்செயலாக நடந்தது இல்லை. திட்டம் போட்டே அப்படிக் கட்டினார்கள். அந்த வாடகை வீடுகள் வோனிங்கார்ப்பராட்சி என்கிற வீட்டுவசதிச் சங்கங்களுக்குச் சொந்தம். எங்கள் எதிர்வரிசையில் ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், தனியாக வாழும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். "சலுகை வாடகை" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பவர்கள் இவர்கள்தான்.

எங்கள் இடப்பக்கத்து வீட்டில் ஒரு சூரினாம் பாட்டி. குடிவந்த இரண்டாம் நாள் கதவைத் தட்டி, கையில் ஒரு டப்பா ரொட்டியோடு நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவருடைய முன்னோர் கல்கத்தாவில் கப்பல் ஏறி, கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சூரினாம் போனவர்கள். 1873இல் முதல் கப்பல், 1916 வரை அந்தக் கப்பல்கள் போயிருக்கின்றன. இந்திய முகம் என்றால் அவருக்குக் கப்பல்தான் நினைவு வரும். நாங்கள் விமானத்தில் வந்தோம் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்றிலிருந்து என் மகளுக்கு அவர் ஆஜி, அவர்கள் மொழியில் பாட்டி. பாகற்காய்க்கு சோப்ரோப்போ என்று பெயர், காராமணிக்காய்க்கு கௌசபாண்ட் என்று பெயர், சனிக்கிழமைச் சந்தையில் எந்தக் கடையில் பிஞ்சாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தந்தது.

வலப்பக்கத்தில் டச்சுக்காரர். ஒரு புயலில் இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த மரவேலி விழுந்தது. மறுநாள் காலை அவர் ஒரு தாளோடு வந்தார். பலகைக்கு இவ்வளவு, கம்பத்துக்கு இவ்வளவு, கீழே மொத்தத்தை இரண்டாகப் பிரித்து காசு வரை எழுதியிருந்தார். எனக்கு மனசு சுருங்கிவிட்டது. நம் ஊரில் பக்கத்து வீட்டில் இப்படிக் கணக்குத் தாளை நீட்ட மாட்டார்கள். ஆனால் அந்த வேலியை நடுகிற இரண்டு நாளும் எங்கள் பங்கு வேலையையும் சேர்த்து அவரே செய்தார். நாங்கள் ஐந்து வாரம் மதுரைக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, குப்பைத் தொட்டியை அந்தந்தக் கிழமையில் வெளியே வைத்து உள்ளே எடுப்பவர் அவர்தான். பணத்தைப் பச்சையாகப் பேசுவதும் அன்பாக இருப்பதும் இவர்களுக்கு ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இது பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. இரண்டு சைக்கிள் திருடு போயிருக்கிறது. டிசம்பர் 31 இரவுகளில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து மகள் என் மடியை விட்டு இறங்கியதில்லை. குப்பைக் கிடங்கின் பக்கத்தில் பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். அதனால் ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தத் தெருவைப் போய்ப் பாருங்கள். காலை எட்டேகாலுக்கு ஒரு தடவை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரம் அது, யார் யாரோடு பேசிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியும். சனிக்கிழமை மதியம் ஒரு தடவை. வாரநாள் இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போங்கள், உங்கள் மனைவி தனியாக வரும் வழி அதுதானே. பக்கத்து வீட்டு மணியை அடித்து, "இந்த வீட்டைப் பார்க்கிறோம், தெரு எப்படி?" என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளதைச் சொல்வார்கள். வீட்டுக்குப் பின்னால் பச்சை வெளி தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே நாளைக்கு என்ன கட்டலாம் என்பது நகராட்சியின் நிலத் திட்டத்தில் இருக்கும், கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பாப்பா விஷயம். இங்கே 5 வயதில்தான் பள்ளி கட்டாயம், ஆனால் 4 முடிந்ததுமே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் போய்விடும். வீட்டுப் பத்திரத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே அந்தப் பக்கத்துப் பள்ளிகளைப் போய்ப் பார்த்துப் பெயர் கொடுங்கள். என் மகள் வகுப்பில் எத்தனையோ வீட்டுமொழிகள், ஆனால் விளையாட எல்லோருக்கும் பொதுவாக இருந்தது டச்சுதான். அதனால் அவளுக்கு அது சீக்கிரம் வந்தது.

இனி பயப்பட வேண்டிய இடம். நாங்கள் வாங்கிய 2015இல் வீட்டு மதிப்பில் 103 சதவீதம் வரை வங்கி கடன் தர அனுமதி இருந்தது. அதில் செலவின் ஒரு பகுதி அடங்கிவிட்டது. 2018இலிருந்து 100 சதவீதம்தான். அதுவும் நீங்கள் கொடுக்கும் விலைக்கு இல்லை, மதிப்பீட்டாளர் போடுகிற மதிப்புக்கு. 4,35,000 கேட்கிற வீட்டுக்கு, போட்டியில் நீங்கள் 4,55,000 எழுதிக் கொடுத்து, மதிப்பீடு 4,40,000 என்று வந்தால், அந்த 15,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு மேல் பத்திரம் முடித்துத் தருகிற நோட்டாரிஸ், மதிப்பீடு, கடன் ஆலோசகர், உங்கள் தரப்பு மாகெலார் என்கிற தரகர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பத்திர மாற்று வரி 2 சதவீதம், இந்தக் கணக்கில் 9,100. ஆனால் நீங்கள் இருவரும் 35 வயதுக்குக் கீழே, முதல் வீடு, அதில் நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வரியே கிடையாது. 2025இல் இதற்கு விலை உச்சவரம்பு 5,25,000, வருஷத்துக்கு வருஷம் மாறும். வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும். பத்திரம் முடிகிற நாளில் உங்கள் வயது என்ன என்பதுதான் கணக்கு.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தருகிற 30 சதவீத வரிச்சலுகை அதிகபட்சம் ஐந்து வருஷம்தான். மாதத் தவணையை அந்தச் சலுகை இல்லாத சம்பளத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். அதில் மூச்சு முட்டினால் அந்த வீடு வேண்டாம்.

விலை எழுதிக் கொடுக்கும்போது, "கடன் கிடைக்காவிட்டால் விலகுவேன்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் வீடு உங்களுக்குத்தான் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். எடுக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி எழுதிக் கொடுத்தது. கணவரின் வேலை ஒப்பந்தம் வருஷ ஒப்பந்தம், தொடரும் என்ற கடிதத்தை நிறுவனம் தரவில்லை, வங்கி மறுத்துவிட்டது. விலையில் 10 சதவீதம் அபராதம். ஊரில் நகை வைத்துக் கட்டினார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்தபின் மூன்று நாள் யோசிக்கும் உரிமை சட்டப்படி உண்டு, அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்தக் கெடு தாண்டினால் முடியாது. வீட்டைச் சோதிக்க ஒரு கட்டட நிபுணரை அழைக்கும் நிபந்தனையையும் விடாதீர்கள். 1994க்கு முன் கட்டியது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்து மண் வருஷா வருஷம் இறங்குகிறது, வாசற்படிக்கும் கல்தளத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்து இரண்டு தடவை மணல் அடித்தோம். உங்கள் வீட்டிலும் அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள். டச்சு சரியாகத் தெரியாதவருக்கு நோட்டாரிஸ் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது.

ஒப்பந்தத்தோடு ஒரு சாமான் பட்டியல் வரும். எது வீட்டோடு இருக்கும், எதை விற்பவர் எடுத்துப் போவார் என்று அதில் குறித்திருக்கும். நாங்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் தரைப்பலகை இல்லை, விளக்கு இல்லை, திரைச்சீலைக் கம்பிகூட இல்லை. வெறும் சிமென்ட் தரையில் பால் காய்ச்சினோம். சமையலறைப் புகைபோக்கியையும் பாருங்கள். பல வீடுகளில் அது மேல்மாடியில் இருக்கிற பொதுக் காற்றுப்பெட்டியோடு சேர்ந்திருக்கும், மோட்டார் வைத்த புகைபோக்கியை அதில் மாட்டக்கூடாது. நாம் தாளிக்கிற தாளிப்புக்கு வெளியே போகிற தனிக் குழாய் இருந்தால் நல்லது.

கடைசியாக, அம்மா வந்து மூன்று மாதம் இருப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வரிசை வீடுகளில் கீழே கழிப்பறை மட்டும்தான் இருக்கும், குளியலும் படுக்கையும் மேலே. படிகள் செங்குத்தாக, குறுகலாக இருக்கும். என் அம்மா 2018இல் வந்தபோது முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், பிறகு கூடத்திலேயே கட்டில் போட்டோம். அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது அளவு நாடா எடுத்துப் போய்ப் படியின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒற்றைக் கட்டில் போட்டால் தோட்டக் கதவு திறக்குமா என்பதையும் பாருங்கள்.