வண்டிக்குள் வீடு: எதற்குக் காசு போடலாம்?

உள்ளேயே படுத்துச் சமைக்கிற கேம்பர் வேன், பின்னால் இழுத்துப் போகிற கரவன் பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: நிலாவெளியில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். பழைய ஹயேஸ் வேன் ஒன்றைக் கேம்பராக மாற்றி சீசனில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட எண்ணம். கராஜ்காரர் தந்த பட்டியலில் கூரை ஏசி, டிவி, சீலிங்கில் நீல லைட், தோல் சீற், உள்ளே சமையலறை, மடக்கு மேசை எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் என்னிடம் காசு இல்லை. வெளிநாட்டில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள்?
– நிலாவெளி வாசகர்

பதில்: டிவியையும் நீல லைட்டையும் முதலில் வெட்டுங்கள். வாங்குகிற நாளில் ஆட்கள் பார்ப்பது திரையையும் சோபாவையும்தான். ஓரிரு சீசன் ஓடிய பிறகு அதே ஆட்களிடம் கேட்டால் கூரை ஃபான், வெளிக்குழாய், நிழல் பந்தல், கட்டிலில் படுத்தபடியே எட்டும் சுவிச் என்று சொல்வார்கள். அழகுக்கு வைத்தவை எதுவும் அந்தப் பட்டியலில் வராது.

உங்கள் ஊர் வெக்கைக்கு முதல் காசு கூரை ஃபானுக்குப் போக வேண்டும். கூரையில் 14 அங்குலச் சதுரமாக வெட்டிப் பொருத்தும் 12 வோல்ட் ஃபான் இது. மழை மூடியோடு வருவதைப் பார்த்து வாங்குங்கள். மழை பெய்தாலும் திறந்தபடி ஓடும். ஃபானைச் சீற்றுகளுக்கு மேலே பொருத்தி, காற்றை வெளியே இழுக்கிற மாதிரிப் போட்டு, படுக்கைத் தலைமாட்டு ஜன்னலை மட்டும் நான்கு விரல் அகலம் திறந்து விடுங்கள். மற்ற ஜன்னல்கள் பூட்டியிருக்கட்டும். காற்று அந்த ஒரு வழியால் நுழைந்து, படுத்திருப்பவர் மேலால் போய்க் கூரையால் வெளியேறும். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் ஃபான் ஓடும், உடம்பில் காற்றுப் படாது. ஜன்னலுக்கும் பக்கக் கதவுக்கும் நுளம்பு வலை இல்லையென்றால் இத்தனையும் வீண்.

ஏசிக்கு வருவோம். கூரை ஏசி ஒன்று ஓடும்போது 1200 முதல் 1500 வாட்ஸ் வரை இழுக்கும். 12.8 வோல்ட், 100 அம்பியர்-மணி லிதியம் பற்றறியில் மொத்தமே 1280 வாட்-மணிதான் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். அதே பற்றறியில் ஃபானை முழு வேகத்தில் விட்டால் 36 வாட்ஸ் அளவில்தான் எடுக்கும். விடிய விடிய ஓடினாலும் மூன்றில் ஒரு பங்கு முடியாது. வண்டி பெரும்பாலும் உங்கள் விடுதி வளவுக்குள் கரண்ட் குத்தி நிற்கப் போகிறதென்றால் ஏசி போடுங்கள். ஊர் சுற்றப் போகிற வண்டி என்றால் அந்தக் காசை லிதியம் பற்றறிக்கும் 200 வாட்ஸ் சோலர் பனலுக்கும் மாற்றுங்கள். நல்ல வெயில் நாளில் அந்தப் பனல் 800 வாட்-மணி அளவில் தரும். ஃபானுக்கும் லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் போதும், சின்ன பிரிட்ஜுக்கும் ஓரளவு கைகொடுக்கும். வழமையான ஈய-அமில பற்றறி விலை குறைவு என்று கராஜ்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 100 என்று எழுதியதில் உங்களுக்குக் கிடைப்பது 50.

பிரிட்ஜ் வாங்கும்போது கொம்பிரசர் வைத்த 12 வோல்ட் பிரிட்ஜ்தானா என்று கேட்டு வாங்குங்கள். காஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் என்று விற்கிற பழைய வகைக்கு வண்டி மட்டமாக நிற்க வேண்டும். நம்முடைய சூட்டில் அது திணறும்.

பக்கப் பந்தல், அதாவது சுருட்டி இழுக்கிற துணிக்கூரை, வண்டி வைத்திருப்பவர்களின் பெரிய செல்லப்பிள்ளை. காற்றில் முதலில் பறிபோவதும் அதுதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்தலை விரித்தபடி விட்டுவிட்டுக் கடலில் இறங்கினால், திரும்பி வரும்போது கம்பி வளைந்து கிடக்கும். வாடகைக்கு எடுப்பவருக்கு இதை எழுத்திலேயே கொடுங்கள். கடற்கரை மணலில் சாதாரண முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பிக் கால்களில் கட்டினால் நிற்கும். நம் நாட்டில் வேனின் சறுக்குக் கதவு இடப்பக்கம் என்பதால் பந்தலும் இடப்பக்கமே வர வேண்டும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வேலை செய்கிறவர் வலப்பக்கம் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையை உள்ளே கட்டாதீர்கள். நிலாவெளி வெயிலில் வேனுக்குள் யார் அடுப்பு மூட்டப் போகிறார்கள்? பின்கதவைத் தூக்கியதும் இழுப்பறை போல வெளியே வருகிற அடுப்பும் பலகையும் போதும். பின்கதவே கூரையாகிவிடும். 2.3 கிலோ காஸ் சிலிண்டர் வைப்பதானால் அந்தப் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை விடச் சொல்லுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே துளை விட்டுப் பயனில்லை. அதே பக்கத்தில் சின்ன ஷவர் குழாய் ஒன்றும் வையுங்கள். கால் மணலைக் கழுவாமல் ஆள் ஏறுகிற வண்டியின் மெத்தையை நீங்கள்தான் தினமும் தட்ட வேண்டிவரும்.

மடக்கு மேசை கட்டிலாக மாறும், கட்டில் மேசையாக மாறும் என்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். களைத்து வந்தவர் இரவு ஒன்பது மணிக்கு மெத்தைத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருக்க விரும்ப மாட்டார். நிரந்தரக் கட்டில், அதன் கீழே பெட்டி வைக்க இடம். இரண்டு பேர் பயணம் செய்கிற வண்டிக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: குடும்பத்தோடு கதிர்காமம், மடு என்று வேனில்தான் போய் வருவோம். இந்த முறை வேனைக் கொஞ்சம் வசதியாக்கப் போகிறோம். உள்ளே கழிப்பறை வேண்டும் என்கிறார் மனைவி. நாறும், வேண்டாம் என்கிறேன் நான். அப்பாவுக்கு வயது எழுபது தாண்டிவிட்டது.
– அன்புவழிபுரம் வாசகர்

பதில்: மனைவி சொல்வதுதான் சரி. இரவு இரண்டு மணிக்கு அப்பாவை எழுப்பிக்கொண்டு எந்தக் கடை திறந்திருக்கிறது என்று தேடுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஹபரணைப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு வரும்; அங்கே பற்றைப் பக்கம் இறங்கிப் போவது விளையாட்டல்ல.

நாற்றம் பற்றிய உங்கள் பயத்துக்கு மருந்து, சரியான வகையைத் தேர்வதுதான். அமெரிக்க மோட்டர் ஹோம்களில் மலக்கழிவுக்கு 100, 150 லீற்றர் தாங்கி கீழே இருக்கும்; அதைக் குழாய் போட்டு இறக்குவதற்கு அங்கே முகாம்களில் தனி இடம் உண்டு. இங்கே அப்படி இடம் இல்லை. உங்களுக்கு வேண்டியது கழற்றி எடுக்கும் பெட்டி வகை. ஐரோப்பியக் கரவன்களில் இதுதான் வழமை. இருக்கைக்குக் கீழே 18, 20 லீற்றர் பெட்டி இருக்கும். நிறைந்ததும் கைபிடியைப் பிடித்து இழுத்தெடுத்து எந்தக் கழிப்பறையிலும் ஊற்றிக் கழுவலாம். இரண்டு பேர் மட்டும் பாவித்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். குடும்பமே பாவித்தால் தினமும் ஊற்ற வேண்டும். இரவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஊற்றுகிற மருந்தில் போர்மால்டிகைட் இல்லாததாக வாங்குங்கள். அது மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாவைக் கொல்லும். யாரோ ஒருவருடைய மடத்துக் குழியைக் கெடுத்துவிட்டு வரக்கூடாது.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு சின்ன வேலை செய்யுங்கள். கதவடியில் மடக்குப் படி ஒன்று, கதவுத் தூணில் நல்ல உறுதியான கைபிடி ஒன்று. இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

கேள்வி: அக்காவும் அத்தானும் டொரொன்டோவில் இருக்கிறார்கள். இழுத்துப் போகும் ட்ரெய்லர் ஒன்று வாங்கப் பார்க்கிறார்கள். சுவரோடு ஒரு பகுதி வெளியே தள்ளி அறை பெரிதாகிற வகையில் அக்காவுக்குக் கண். பெறுமதியா? பாவித்து முடிந்த பிறகு அதைத் திருகோணமலைக்கே அனுப்பி உப்புவெளியில் நிறுத்தலாமா என்றும் அத்தான் கேட்கிறார்.
– திருகோணமலை நகர வாசகர்

பதில்: அக்காவுக்கு முதலில். தள்ளும் அறை 1990 இல் நியூமர் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த வசதி. இன்று அது இல்லாத பெரிய ட்ரெய்லரைப் பார்ப்பதே அரிது. உள்ளே நான்கு பேர் நடமாட இடம் கிடைக்கும். மழை நாளில் அதன் அருமை தெரியும். விலை வேறு வகையில் வரும்: எடை கூடும், மோட்டர் பழுதாகும், சுற்றியுள்ள ரப்பர் காய்ந்தால் தண்ணீர் இறங்கும். விற்குமிடத்தில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அறையை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, அக்கா கதவால் ஏறி கழிப்பறைக்கும் பிரிட்ஜுக்கும் போய்ப் பார்க்கட்டும். சில வண்டிகளில் அறை மூடியிருந்தால் கழிப்பறைக் கதவே திறக்காது. வழியில் நிறுத்தி ஒரு சாப்பாடு எடுக்கக்கூட றோட்டோரத்தில் அறையைத் தள்ள வேண்டி வரும். அந்த வண்டி வேண்டாம்.

அத்தான் பார்க்க வேண்டியது கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரை. எத்தனை கிலோ சாமான் ஏற்றலாம் என்பது அதில் இருக்கும். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. 150 லீற்றர் தாங்கியை நிரப்பிப் புறப்பட்டாலே 150 கிலோ போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அரிசி, மரக்கறி, பிள்ளைகளின் சைக்கிள். சாமான் இடம் தாராளமாக இருந்தும் எடை வரம்பு சின்னதாக இருக்கிற ட்ரெய்லர்கள் நிறைய உண்டு. ரயரையும் பார்க்கட்டும். பக்கவாட்டில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த ரயர். ட்ரெய்லர் ரயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதே அதிகம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பூ நன்றாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அங்கே குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் இருந்து தண்ணீரை முழுக்க இறக்க வேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடிக்கும். அந்த வால்வுகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்பதை, சமையல் மேடைக் கல் என்ன நிறம் என்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

அனுப்பும் யோசனையை மறந்துவிடுங்கள். கனடாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, அதனால் ட்ரெய்லர் கதவும் பந்தலும் வலப்பக்கம். நிலாவெளி றோட்டில் நிறுத்தினால் படியிலிருந்து நேரே பஸ்ஸுக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். உள்ளே உள்ள ஏசி, மைக்ரோவேவ் எல்லாம் 120 வோல்ட். நம் சுவரில் 230. கப்பல் கூலியையும் வரியையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

கேள்வி: ஏற்கெனவே கேம்பராக மாற்றிய வேன் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே மிக அழகாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– கிண்ணியா வாசகர்

பதில்: அழகான பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். நம் கடற்கரை வண்டிகளுக்கு எதிரி உப்புக் காற்றும் மாரி மழையும். கூரை ஓரத் தண்ணீர்க்கால், கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்தால் தெரியும் தகரம், தரை விரிப்புக்குக் கீழே, பின்சில்லு வளைவின் உட்பக்கம். இந்த நான்கு இடத்திலும் கறள் கொப்புளமாக நிற்கிறதா பாருங்கள். கூரை ஃபானும் சோலர் பனலும் பூட்டிய இடத்துக்கு நேர் கீழே பலகையைப் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் இறங்கி உள்ளே ஊறியிருக்கிறது. முடிந்தால் மாரி முடிந்த கையோடு போய், கதவைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். கூரை ஓட்டை மட்டும்தான் குறை என்றால் பயப்பட வேண்டாம். மீன்பிடி வள்ளத்துக்குப் பைபர் அடிக்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், கராஜைவிட நன்றாக அடைப்பார்கள்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள சீற் எண்ணிக்கையும் வண்டியில் உள்ளதும் ஒன்றா? சீற்றைக் கழற்றிக் கட்டில் போட்டவர் அதைப் பதிவில் மாற்றாமல் விட்டிருந்தால் பின்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியவர் நீங்கள். காப்புறுதிக்காரரிடமும் கட்டிலும் அடுப்பும் உள்ள வேன் என்றே சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கேம்பர் வேலைக்கு முழுக் காசில் முக்கால் பங்கை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– சீனக்குடா வாசகர்

பதில்: வேண்டாம். சாமான் வாங்கும் அளவுக்கு முதல் பங்கு, மின்வேலையும் தண்ணீர் வேலையும் முடிந்து பலகை அடிக்கும் முன் நீங்கள் பார்த்த பிறகு அடுத்த பங்கு, ஓட்டிப் பார்த்த பிறகு மிச்சம். பலகை அடித்த பின் வயரைப் பார்க்க முடியாது, அதனால் அந்த நடுப்பங்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘நல்ல பற்றறி’ என்று எழுதிய பில்லை ஏற்காமல் நிறுவனம், வகை, அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அதற்கு உங்கள் கையில் பில் இருக்க வேண்டும், வாட்ஸப் குரல் பதிவு மட்டும் போதாது.