6/6 என்றாலும் எழுத்து இரண்டாகத் தெரிகிறதா?

அக்கா, சாதாரண தரத்துக்குப் படிக்கிற மகளுக்கு அரை மணித்தியாலத்திலேயே எழுத்து இரண்டாகி, தலை இடிக்கிறது, ஹட்டன் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்க வைத்து, பார்வை 6/6, அதாவது குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பலகை தூரப் பார்வையைத்தான் அளக்கும். கிட்டத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்புகிறதா என்று அது சொல்லாது.

எழுத்து இரண்டாகும்போது ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். உடனே ஒன்றாகிவிட்டால் கண்கள் சேராததுதான் சந்தேகம். அப்புறம் பேனை முனையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். 10 சென்ரிமீற்றருக்கு அப்பாலேயே இரண்டானாலோ, ஒரு கண் வெளியே நழுவினாலோ கண் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலைக் கண் பிரிவுக்குப் போனால், கண்ணை மாறி மாறி மறைத்து, பிரிசம் (ஒளியைத் திருப்பும் ஆப்பு வடிவக் கண்ணாடி) வைத்து, கண் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கக் கேளுங்கள்.

பிரிசம் கண்ணாடிக்குக் காசு கட்ட அவசரப்படாதீர்கள். இந்தக் குறையுள்ள பிள்ளைகளிடம் செய்து 2005இல் வந்த ஆய்வில், அது பவர் இல்லாத கண்ணாடியை விட மேலாக உதவவில்லை. 2008 ஆய்வில் 12 வாரம் கிளினிக்கில் செய்த கண் பயிற்சிதான் நல்ல பலன் தந்தது. வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்ப்பது மட்டும் போதவில்லை.

திடீரென்று நாள் முழுக்க இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ கிளினிக் நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.